தொங்கும் இமைக்கு முட்டை வெள்ளைக்கரு: பூசுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அரூரில் இரண்டு நாளாக மழை, வாக்கிங் போக முடியவில்லை. அதனால் மனதில் கிடந்ததை எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். டீயைப் போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. "தொங்கிப்போன கண் இமை பத்தே நிமிடத்தில் தூக்கி நிற்கும், செலவு ஐந்து ரூபாய்" என்று தலைப்பு. முட்டை வெள்ளைக்கருவில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து இமைமேல் தடவி விரலால் மேல்நோக்கி இழுத்து மசாஜ் செய்ய வேண்டுமாம். வீடியோவுக்குக் கீழே பன்னிரண்டு கைதட்டல். "அக்கா, நான் இன்னைக்கே செய்றேன்" என்று மூன்று பேர். அதில் ஒருத்தி அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் பெண்.

முப்பது வருஷத்துக்கு மேல் உயிரியல் எடுத்தவள் நான். என்னால் கைதட்டிவிட்டுப் போக முடியவில்லை. "அத்தைக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்று யாராவது சொன்னாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். இமை தொங்குவது பல நேரங்களில் அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. உடம்பு நமக்குக் கொடுக்கும் ஒரு தகவல் அது. வீட்டு வைத்தியம் அந்தத் தகவலை மறைக்கிறது. கூடவே கண்ணையும் கெடுக்கலாம். கண் கெடுவதைவிட, நாள் கடந்துபோவதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் சின்னதாக ஒரு பாடம். (வகுப்பை விட்டு வந்தாலும் பழக்கம் விடாது.)

மேல் இமையைத் தூக்குவதற்கென்றே கண்குழிக்குள் ஒரு தசை இருக்கிறது. அது முன்பக்கம் வரும்போது மெல்லிய தசைநாராக மாறி இமையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தசைக்குக் கட்டளை போடுவது மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு. கண்மணியைச் சுருக்குவதும், கருவிழியைப் பல திசைகளில் திருப்புவதும் இதே நரம்பின் வேலை. இமையில் இன்னொரு சின்ன உதவித் தசையும் உண்டு. அதற்கு நரம்பு வேறு வழியில், மார்பின் மேல்பகுதிக்கு வந்து கழுத்து வழியாக ஏறிப் போகிறது.

ஆக, இமை கீழே இறங்கினால் கோளாறு தோலில் இருக்கலாம், தசைநாரில் இருக்கலாம், தசையில் இருக்கலாம், நரம்பும் தசையும் சேரும் இடத்தில் இருக்கலாம், நரம்பில் இருக்கலாம், மூளையில் இருக்கலாம், அபூர்வமாக நுரையீரலின் மேல்நுனியில் வளரும் ஒரு கட்டியாகவும் இருக்கலாம். இத்தனை இடத்துக்கும் ஒரே மருந்தாக முட்டையைத் தடவச் சொல்கிறது அந்த வீடியோ. வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் பல்பா, சுவிட்சா, வயரா, கம்பத்தில் பீஸ் போய்விட்டதா என்று பார்க்க மாட்டோமா? பல்பைத் துடைத்து விட்டால் போதுமா?

அப்படியென்றால் வீடியோவில் அந்தப் பெண்ணுக்கு இமை ஏறியதே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. ஏறியது போலத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வீடியோக்களில் ஏமாற மாட்டீர்கள்.

ஒன்று, முட்டை வெள்ளைக்கரு புரதம். காயும்போது சுருங்கும், தோலைப் பிடித்து இழுக்கும். கோந்து காய்ந்தால் விரல் தோல் இறுகுமே, அதே கதை. முகம் கழுவியதும் இறுக்கம் போய்விடும். உள்ளே இருக்கும் தசைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. வீடியோ எடுப்பவர் முகம் கழுவிய பிறகு அடுத்த நாள் காலையில் எடுத்துப் போடுவதில்லை.

இரண்டு, சில வகை இமைத் தொய்வு தானாகவே சரியாகும். சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்றாவது நரம்புக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய் அடைபட்டு ஒரு பக்க இமை திடீரென விழலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும். அந்த மூன்று மாதத்தில் எந்த இலையை அரைத்துப் பூசியிருந்தாலும் பேர் அந்த இலைக்குத்தான் போகும். "எங்க பெரியப்பாவுக்கு இதுலதான் சரியாச்சு" என்று அடுத்த வீட்டுக்கும் போகும். அடுத்த வீட்டுக்காரருக்கு இருப்பது மூளை ரத்தக்குழாயில் வீக்கமாக இருந்தால்?

மூன்றாவது காரணத்தை நிதானமாகப் படியுங்கள். வெள்ளரிக்காய்த் துண்டு, ஐஸ் கட்டி, குளிர்ந்த டீப்பை என்று எதையாவது வைத்துப் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் இமை ஏறுகிறது என்று சொல்கிறார்களே, சிலருக்கு உண்மையிலேயே ஏறும். மயஸ்தீனியா கிரேவிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. நரம்பு அனுப்பும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கிவிடும். காலையில் இமை நன்றாக இருக்கும், வேலை செய்யச் செய்ய சாயங்காலத்தில் இறங்கும். ஓய்வு கொடுத்தால் ஏறும், குளிர்ச்சி பட்டாலும் ஏறும். கண் மருத்துவர்கள் மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்துப் பார்த்து, இமை ஏறுகிறதா என்று அளந்து இந்த நோயைச் சந்தேகிப்பார்கள். அது அவர்களுடைய ஒரு பரிசோதனை. நாம் அதையே வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு தினமும் வெள்ளரிக்காய் வெட்டுகிறோம். "எனக்கு வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுகிறோம். எதற்குச் சந்தோஷப்பட்டோமோ, அதுவே நோயின் அடையாளமாக இருக்கலாம்.

நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980களில் வந்தது இந்த நோய்தான். அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மருந்து இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது, அவரைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இமையோடு நிற்காது. விழுங்குவது, பேசுவது, கடைசியில் மூச்சுவிடுவது வரைக்கும் தசைகள் தளரும்.

இனி, பூசும் பொருட்களைப் பற்றி.

எலுமிச்சைச் சாறு: பத்தாம் வகுப்பில் பி.எச். அளவு படித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் கண்ணீரின் பி.எச். சுமார் 7.4. எலுமிச்சைச் சாறு 2.4க்குப் பக்கத்தில். ஐந்து படி வித்தியாசம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், லட்சம் மடங்கு அமிலத்தன்மை. இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லிய தோல். அதில் எலுமிச்சை தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்பளித்துக் கருத்துப்போவதும் உண்டு. அழகுக்காகச் செய்தது கருந்திட்டாக முடியும்.

பூண்டு, இஞ்சி, மிளகு அரைத்த விழுது: பச்சைப் பூண்டைத் தோலில் கட்டி வைத்தால் தீக்காயம் போலவே வெந்துபோகும். கண்ணுக்குப் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை.

சுண்ணாம்பு: இமையில் மரு இருந்தால் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். தயவுசெய்து வேண்டாம். அமிலத்தைவிடக் காரம் மோசம். அமிலம் மேலேயே புரதத்தை உறைய வைத்து ஓரளவு அங்கேயே நின்றுவிடும். காரம் கருவிழியைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். வெற்றிலைப் பெட்டி இருக்கிற வீடுகளில் குழந்தை சுண்ணாம்பு பாக்கெட்டை அமுக்கிக் கண்ணில் தெறிப்பதும் இப்படித்தான் ஆபத்து. பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை விடாமல் குறைந்தது பதினைந்து நிமிடமாவது, முடிந்தால் அரை மணி நேரம் ஊற்றிக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். "காரத்துக்கு அமிலம்" என்று அறிவியல் பேசி எலுமிச்சையைப் பிழிந்துவிடாதீர்கள். பாடம் சோதனைக் குழாய்க்கு, கண்ணுக்கு இல்லை.

எருக்கம்பால்: மருவுக்கு இதையும் வைக்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும் பிள்ளைகள் கையோடு கண்ணைக் கசக்குவதும் நடக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி. வலி இல்லாமலே கருவிழியின் உள்ளடுக்கைத் தாக்கிப் பார்வையைப் பனிமூட்டமாக்கிவிடும். மேற்கு வங்கத்துக் கண் மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 29 கண்களைப் பற்றி 2009ல் இந்தியக் கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நேரத்தோடு போனால் பெரும்பாலும் தேறிவிடுகிறது, தாமதித்தால் நிரந்தரக் குறை வரலாம்.

தாய்ப்பால், இலைச்சாறு, வீட்டில் பிடித்த மை: தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கண்ணில் விடும் மருந்து கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். கையில் பிழிந்ததும், அம்மியில் அரைத்ததும், விரலால் இழுத்துவிடுவதும் அப்படி இருக்க முடியாது.

மசாஜ்: மேல்நோக்கி இழுத்து இழுத்துத் தேய்க்கச் சொல்கிறார்களே, இதுதான் பெரிய வேடிக்கை. வயதானால் இமை இறங்குவதற்கு முக்கியக் காரணமே தசைநார் தளர்ந்து பிடி விடுவதுதான். வருஷக்கணக்கில் கண்ணைக் கசக்குகிறவர்களுக்கு அது சீக்கிரம் தளரும். கயிற்றுக் கட்டிலின் கயிறு தொய்ந்துவிட்டது என்று இன்னும் இழுத்துப் போட்டுக் குதித்தால் கட்டில் இறுகுமா?

"இவ்வளவு நாள் செய்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வீர்கள். ஆகாதவர்கள் நம்மிடம் பேசுகிறார்கள். ஆனவர்கள் கண் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனையில் 1994ல் முதல் மூன்று மாதங்களில் மட்டும் 434 பேர் கருவிழிப் புண்ணோடு வந்ததாக ஓர் ஆய்வு உண்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கண்ணில் ஏதோ சின்னக் காயம். இந்த ஆய்வு இமைத் தொய்வைப் பற்றியது இல்லை. ஆனால் நம் அரூர்ப் பக்கத்துக்குப் பொருந்தும். கரும்பு வெட்டும்போது தோகை கிழிக்கிறது, நெல் தூற்றும்போது தூசு விழுகிறது, மஞ்சள் காட்டில் மண் படுகிறது. கண்ணில் சின்னக் கீறல் இருப்பதே நமக்குத் தெரியாது. அந்தக் கண்ணுக்கு மேலேதான் முட்டையையும் எண்ணெயையும் பூசுகிறோம். கீறல் இருக்கும் கண்ணுக்குள் கிருமி போக ஒரு சொட்டு போதும்.

இதெல்லாம் பொருளால் வரும் தீங்கு. காலத்தால் வரும் தீங்குக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், ஊரையும் சொல்ல மாட்டேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பிறந்ததிலிருந்தே இடது இமை பாதி மூடியிருக்கும். கரும்பலகையைப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வாள். பிள்ளைகள் "தூங்குமூஞ்சி" என்று கூப்பிடுவார்கள். (அப்படிக் கூப்பிட்டவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அப்போதே திட்டிவிட்டேன், இப்போது மறுபடி திட்டவில்லை.) அவள் அம்மா குறையில்லாத அம்மா. பிறந்ததிலிருந்து விளக்கெண்ணெய் தடவினார், ஏதோ ஒரு சாறு விட்டார், மை வைத்தார், நேர்த்திக்கடன் செய்தார். "பெரிய மனுஷியானா தானா சரியாயிடும்னு சொன்னாங்க டீச்சர்" என்றார். நான் பேசிப் பேசி ஒரு கண் மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். போனார்கள்.

அறுவை சிகிச்சையில் இமை ஏறிவிட்டது. பார்வை ஏறவில்லை.

காரணம் இதுதான். பிறக்கும்போது குழந்தைக்குப் பார்க்கத் தெரியாது. பார்ப்பதை மூளை கற்றுக்கொள்கிறது. ஏறக்குறைய ஏழு, எட்டு வயது வரைதான் அந்தப் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கும். அந்த வயதுக்குள் ஒரு கண்ணை இமை மறைத்தாலோ, இமையின் அழுத்தத்தால் அந்தக் கண்ணில் பவர் கோளாறு வந்து தெளிவில்லாமல் தெரிந்தாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். கண்ணில் கோளாறு இருக்காது, ஆனால் பார்க்கத் தெரியாது. இரண்டு மூன்று வயதில் வந்திருந்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிப் பயிற்சி கொடுத்து, தேவைப்பட்டால் இமையைத் தூக்கி, அந்தப் பார்வையைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. பதினாலு வயதில் வந்தாள்.

அந்த அம்மா பூசிய எந்தப் பொருளும் அவள் கண்ணைக் கெடுக்கவில்லை. விளக்கெண்ணெய் ஒரு பாவமும் செய்யவில்லை. "ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்" என்ற நிம்மதிதான் பன்னிரண்டு வருஷத்தைச் சாப்பிட்டுவிட்டது. வீட்டு வைத்தியத்தின் பெரிய ஆபத்து இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்றுமே செய்யாத தாய்க்குக் கவலை இருக்கும், ஒருநாள் மருத்துவரிடம் போவார். தினமும் எண்ணெய் தடவும் தாய்க்கு அந்தக் கவலையும் போய்விடுகிறது.

எல்லாக் குழந்தைக்கும் உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இமை கண்மணியை மறைக்கவில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்றால் மருத்துவரே காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் ஒருமுறை கண் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். அதுவும் பள்ளிக்கூடம் சேர்ப்பதற்கு முன்பே.

அடுத்தது நம் ஊர் விஷயம். சித்தேரி, தீர்த்தமலை, கோட்டப்பட்டிப் பக்கமுள்ள என் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கட்டுவிரியன், நம்மில் சிலர் எட்டடி விரியன் என்போமே, அது ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது, பல் பதிந்த இடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இரண்டு இமையும் கனத்துத் தொங்கும். "ராத்திரி சரியா தூங்கல போல", "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாகப்பாம்புக் கடியிலும் விஷம் ஏறுவதற்கு முதல் அறிகுறிகளில் ஒன்று இமை தொங்குவதுதான். நரம்பின் கட்டளை தசைக்குப் போகாமல் விஷம் மறிக்கிறது. இமையில் ஆரம்பித்து, தொண்டை, கழுத்து, கடைசியில் மூச்சுத் தசை வரை போகும்.

இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்கு சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மருந்து இல்லாத ஊரா நம்முடையது? சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் சமூகத்தார் 1978ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் விஷத்திலிருந்துதான் இந்தியாவின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டு மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த பாம்பிலிருந்து வந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாக இருக்கும்போது, தொங்கும் இமைக்கு வேப்பிலை அடித்துக்கொண்டு நேரம் போக்கலாமா?

காலையில் எழுந்ததும் ஒருவருக்குப் புதிதாக இரண்டு இமையும் தொங்கினால், கடிவாய் தெரியாவிட்டாலும், பாம்புக்கடி என்று எண்ணி உடனே 108ஐக் கூப்பிடுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நடக்க விடாதீர்கள்.

இப்போது சிலர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"டீச்சர், பாட்டி வைத்தியம் எல்லாமே தப்புன்னு சொல்றீங்களா?" இல்லை. கண்கட்டி வந்தால் வெதுவெதுப்பான துணியை ஒற்றி எடுக்கச் சொல்வார் என் பாட்டி. இன்றைக்குக் கண் மருத்துவரும் அதையேதான் சொல்கிறார். தூக்கம் கெட்டுக் கண் வீங்கியிருந்தால் மூடிய கண்ணில் குளிர்ந்த துணி வையுங்கள், சுகமாகத்தான் இருக்கும். என் பாட்டிக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. "இது என் கையில் அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ" என்று சொல்லத் தெரியும். வீடியோவுக்கு அது தெரியாது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அவர் நாடி பிடிப்பார், கேள்வி கேட்பார். வீடியோ உங்களைப் பார்ப்பதே இல்லை.

"அந்த மாதிரி விளம்பரத்துக்கெல்லாம் சட்டம் இல்லையா?" இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே சட்டம் போட்டார்கள். பார்வையின்மை, கண்புரை, கண் நீர் அழுத்தம் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் நம் வீட்டு குரூப்புக்குள் யார் வந்து தடுப்பது? அங்கே அனுப்புகிறவரும் நாம், பார்க்கிறவரும் நாம். அங்கே நாமே பொறுப்பாக இருந்தால்தான் உண்டு.

"டாக்டர்கிட்ட போனா ஆயிரக்கணக்கில் செலவு." பயம் நியாயமானது. ஆனால் முதல் படிக்குச் செலவில்லை. நம் அரூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போய் விசாரியுங்கள். சந்தேகம் கேட்க 104க்குப் போன் பண்ணலாம்.

"எல்லாம் சரி டீச்சர், வயசானதால் இறங்கினால்?" என் வயதுக்காரர்களுக்கு இது. எனக்கும் இமை இறங்கியிருக்கிறது. பழைய போட்டோவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மருத்துவரிடம் காட்டினேன். வயதின் தளர்ச்சிதான், பார்வையை மறைக்கவில்லை என்றார், விட்டுவிட்டேன். மறைத்தால், படிக்கும்போது நெற்றியைச் சுருக்கித் தூக்க வேண்டியிருந்தால், சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. மறைக்கவில்லை என்றால் அது முகத்தில் எழுதிய வயது. அறுபது வயதில் முப்பது வயது முகம் வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பேரன் பேத்திகள் நம் இமையை அளந்து பார்த்தா மடியில் வந்து உட்காருகிறார்கள்?

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பார்க்க வருகிறவர்கள் "கண் கொஞ்சம் சின்னதா இருக்கே" என்று சொன்னால், பெண்ணின் கண்ணில் எலுமிச்சையைப் பிழியாதீர்கள். அந்த வீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பெண்ணுக்கு உண்மையில் இமைத் தொய்வு இருந்தால் அவளுக்காக, அவள் பார்வைக்காக மருத்துவரிடம் காட்டுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்காக வேண்டாம்.

கடைசியாக, போர்டில் எழுதிப் போடுவதுபோல எழுதுகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளாவிட்டாலும் மனதில் வையுங்கள்.

உடனே, அன்றைக்கே, மருத்துவமனைக்குப் போக வேண்டியவை:

1. இமை திடீரென்று இறங்கியது. மணிக்கணக்கில் அல்லது ஒரே நாளில்.
2. கூடவே கடுமையான தலைவலி.
3. பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரிவது.
4. இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லாமல் ஒன்று பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பது.
5. விழுங்க, பேச, மூச்சுவிடச் சிரமம்.
6. முகம் கோணுவது, கை கால் மரத்துப்போவது.
7. விடியற்காலையில் வயிற்றுவலியோடு இரண்டு இமையும் தொங்குவது.

சில நாட்களுக்குள் காட்ட வேண்டியவை:

1. காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இறங்கும் இமை.
2. எந்த வயதுக் குழந்தைக்கும் ஒரு இமை தாழ்ந்திருப்பது, தாடையைத் தூக்கிப் பார்ப்பது.
3. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புதிதாக வந்த எந்த இமை மாற்றமும்.
4. இமையில் கட்டி, வீக்கம், ஆறாத புண்.

என் மாணவர்களில் நிறையப் பேர் இப்போது ஆசிரியர்கள். உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். நாளைக்கு வகுப்புக்குப் போனதும் பாடம் ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். யார் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள், யாருக்கு ஒரு இமை தாழ்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளையை முதலில் நிறுத்துங்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுப்பவர்கள் கையில்தான் இன்னும் நேரம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு எடுக்கிறவர்களிடம் அந்தப் பிள்ளை வந்து சேரும்போது நேரம் முடிந்திருக்கும்.

நம் குடும்ப குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லது நடக்கட்டும் என்றுதான் போட்டிருப்பார். அதே நல்ல மனதோடு இந்தப் பதிவையும் அங்கே போட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததற்கு "டாக்டரைக் கேள் கண்ணு" என்பேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பயாலஜி டீச்சர், அரூர்